காவாத விலா

கீழ்வானம் வெளுத்து, ஆற்றின்மேல் படிந்திருந்த மூடுபனி மெல்ல மெல்ல விலகி, பாலத்தின் இரும்புக் கைப்பிடிகளில் பனித்துளிகள் கோத்து நிற்க, ஆலைகளின் புகைபோக்கிகள் ஒன்றன்பின் ஒன்றாய் விழித்தெழுந்து வானைக் கறைப்படுத்தத் தொடங்கிய அந்த விடியற்பொழுதில், ஆற்றங்கரைத் தெருவின் கோடியில் நின்ற பழைய கூலக்கிடங்கின் பெருங்கதவுகள் இரண்டும் அகலத் திறந்து கிடந்தன. முன்னொரு காலத்தில் கோதுமை மூட்டைகளை அடுக்கி வைத்திருந்த அவ்விடம், கராத்தே என்று உலகெங்கும் பெயர் வழங்கும் வெறுங்கைப் போர்க்கலையின் பயிற்சிக்கூடமாகிப் பல்லாண்டுகள் கழிந்திருந்தன. ஆயினும் மழைநாளில் அதன் சுவர்களிலிருந்து இன்னும் கோதுமை மணம் கசியும். அண்டை வீட்டார் அதனைக் காசு கொடுத்து அடிவாங்கும் கூடம் என்று சொல்லிச் சிரிப்பர். அவர்கள் சொல்வதிலும் பிழையொன்றும் இல்லை.

அன்று அங்கே நடக்கவிருந்தது நூற்றுவர் தேர்வு. ஒருவர் நடுவில் நிற்க, கருங்கச்சை என்னும் கறுப்புப் பட்டை பெற்ற நூறு பேர் ஒருவர்பின் ஒருவராய் வந்து அவரோடு பொருவர். ஒவ்வொரு மோதலும் நடுவரின் மணற்குடுவை ஒருமுறை வடிந்தொழியும் அளவே நீளும். முகத்தில் குத்தலாகாது, மற்றபடி நெஞ்சும் விலாவும் தோளும் தொடையும் எல்லார்க்கும் பொது. வருவோர் ஒவ்வொருவரும் களைப்பறியாமல் வருவர். நிற்பவரோ முன்னவர் தந்த வலியையெல்லாம் மூட்டை கட்டிச் சுமந்தவாறே அடுத்தவரை எதிர்கொள்ள வேண்டும். விழுந்தால், பத்து எண்ணி முடிக்குமுன் எழவேண்டும். இவற்றினும் கொடிய நெறி ஒன்றும் உண்டு. எதிர்ப்பவர் இரக்கம் மேலிட்டுக் கையை அடக்கினால் நடுவர் செங்கொடியை உயர்த்துவார். அம்மோதல் கணக்கில் சேராது. இரங்கிய அந்த ஆளே வரிசை முடிந்தபின் மீண்டும் வந்து பொருதாக வேண்டும். இரக்கப்பட்டவரால் நிற்பவருக்குக் கிடைப்பது மேலும் ஓர் அடிதான்.

நடுவில் நிற்க முன்வந்தவளைக் கூடத்தார் தூண் என்று அழைத்தனர். பெருத்த உடலினள் அல்லள்; நின்ற இடத்தைவிட்டு அசையாதவள் என்பதால் அப்பெயர். ஆண்டுதோறும் இத்தேர்வுக்கு அழைக்கப்பட்டும் அடுத்த ஆண்டு பார்க்கலாம் என்று தள்ளித் தள்ளிப் போட்டவள், இவ்வாண்டு தானாகவே ஒப்பினாள். ஏனென்று எவர்க்கும் விளங்கவில்லை. வரிசையின் இடைப்பகுதியில், கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, தரையையே பார்த்தபடி நின்றாள் அவளுடைய ஒரே தங்கை. ஆற்றின் அக்கரையில் ஓர் அடுமனையில் நாள்தோறும் மாவு பிசைந்து பிசைந்து தோள் திரண்டவள். அக்கரைக் கூடத்தில் பயின்று சென்ற ஆண்டுதான் கருங்கச்சை பெற்றவள். உடன்பிறந்த இருவரும் ஒருவரோடொருவர் ஒரு சொல்லும் பேசிக்கொள்ளாமல் ஆண்டுகள் பல ஓடியிருந்தன. தமக்கையை வலிக்க வலிக்க அடிக்கவேண்டும் என்பதே அன்று அவள் அங்கு வந்த நோக்கம். அப்படித்தான் அவள் தனக்குத்தானே சொல்லிக்கொண்டிருந்தாள்.

“மூக்கு அப்படியே இருக்கே. உங்க அக்காவா?” என்று வினவினார் அவளுக்கு முன்னே நின்ற பல் மருத்துவர். பகலெல்லாம் பிறர் பல்லைக் காப்பதும் மாலையில் பிறர் எலும்பைப் பதம் பார்ப்பதுமாய் வாழ்கின்ற நல்ல மனிதர் அவர்.

“ஆமா.”

“அப்ப கொஞ்சம் மெதுவா அடிப்பீங்க.”

“இல்லீங்க. உங்க எல்லாரையும் விட பலமா அடிக்கத்தான் வந்திருக்கேன்.”

மருத்துவர் அவளை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, ஓரடி தள்ளி நின்றுகொண்டார்.

எங்கே அடிக்கவேண்டும் என்பதும் அவளுக்குத் தெரியும். அக்கூடத்தில் குழுமியிருந்தோருள் அவள் ஒருத்திக்கே தெரிந்த கமுக்கம் அது. சிறுமியராய் இருந்த நாளில், கொல்லைப்புறக் கூரைமேல் விழுந்த பந்தை எடுக்க ஏறிக் கால் வழுக்கிய தங்கையை, கீழிருந்து ஓடிவந்து இரு கைகளாலும் ஏந்திய தமக்கை, அவளைச் சுமந்தவாறே துவைகல்லின்மேல் சாய்ந்து விழ, அவளது இடப்பக்க விலா எலும்பு ஒன்று முறிந்தது. முறிந்த எலும்பு கூடியது. ஆனால் கோணலாய்க் கூடியது. அதன்பின் மாலைதோறும் தாய் எண்ணெயைச் சூடாக்கி, உள்ளங்கையில் ஊற்றி, அந்த இடத்தில் வட்டமாய்த் தடவிக்கொண்டே ஏதேதோ கதை பேசுவாள். அருகில் அமர்ந்து அதனைப் பார்த்துக்கொண்டிருந்த தங்கைக்கோ, உள்ளூரப் பொறாமை. நம் விலா முறிந்திருக்கக் கூடாதா என்று அவள் ஏங்கிய ஏக்கத்தை நினைத்தால் சிரிப்புத்தான் வரும். ஆனால் அதை நினைத்து அவள் ஒருநாளும் சிரித்ததில்லை.

அந்தத் தாய் ஒரு குளிர்காலத்தில் நோயுற்றாள். மூத்தவளோ அப்போது மலைமேல் இருந்தாள். நூற்றுவர் தேர்வுக்கு முன்னர்க் குளிர்காலம் முழுதும் மலைமேல் தங்கிக் கடும்பயிற்சி பெறவேண்டும் என்பதும், அது முடியும்வரை கீழிருந்து எச்செய்தியும் மேலே செல்லாது என்பதும் கூடத்தின் நெறி. இளையவள் ஆள்மேல் ஆள் அனுப்பினாள்; அனுப்பிய ஆட்கள் மலையடிவாரத்து வாயிலிலேயே நிறுத்தப்பட்டனர். தாய் இறுதியில் பேசிய பேச்செல்லாம் “பெரியவ வந்துட்டாளா?” என்பதுதான். அதற்கு “வந்துட்டே இருக்காம்மா” என்று பொய் சொல்லிச் சொல்லியே இளையவளின் நா வறண்டது.

எல்லாம் முடிந்து பல நாள் கழித்து, மலையிலிருந்து இறங்கியவள் தேர்வையும் விட்டு ஓட்டமும் நடையுமாய் வந்து வீட்டுக் கதவைத் தட்டினாள். ஒரே ஒருமுறை தட்டினாள். உள்ளிருந்தவள் திறக்கவில்லை. “அம்மா போயிட்டாங்க. எனக்கு அக்கான்னும் யாரும் இல்ல” என்று சொல்லித் தாழ்ப்பாளையும் இட்டாள். இட்ட கையை எடுக்காமல், கதவில் காதை ஒட்டிக்கொண்டு, இன்னொரு தட்டலுக்காகக் காத்து நின்றாள். மீண்டும் தட்டியிருந்தால் திறந்திருப்பாள். திறந்து, கட்டிக்கொண்டு கதறியிருப்பாள். நெடும்பொழுது வெளியே ஓசையேயில்லை. பின்னர்க் காலடிகள் விலகிச் சென்றன. தாய் சாகும்போது வராததைக்கூட அவள் ஒருவாறு பொறுத்தாள். இன்னொருமுறை தட்டாமல் போனதைத்தான் அவளால் பொறுக்க இயலவில்லை. அக்கரைக் கூடத்தில் சேர்ந்து, உடலெல்லாம் கன்றிப்போக அவள் பயின்றது சினத்தால் என்று அவள் நினைத்திருக்கலாம். தமக்கை நடந்த வழியில் தானும் கால்வைத்து நடந்து பார்க்கும் ஏக்கமே அது என்று நமக்குத் தெரிகிறது.

உச்சிப்பொழுதில் அவள் முறை வந்தது. அதற்குள் தூணின் முன்கைகள் நீலம் பாய்ந்து வீங்கியிருந்தன, தொடைகள் நடுங்கின, வெண்சீருடை வியர்வையில் தோய்ந்து தோலோடு ஒட்டிக் கிடந்தது. ஆயினும் காலை முதல் வந்த ஒருவரும் அவளது இடவிலாவைத் தொடவில்லை. இட முழங்கையை அவள் அவ்விடத்தை விட்டு விலக்கியதேயில்லை. தங்கை எதிரே வந்து தலை தாழ்த்தினாள். தமக்கையும் தாழ்த்தி நிமிர்ந்தாள். நடுவர் மணற்குடுவையைக் கவிழ்த்த அந்த நொடியில், அவையோர் எவரும் பொருட்படுத்தாத ஒன்று நிகழ்ந்தது: தமக்கை தன் இட முழங்கையை மெல்ல உயர்த்தி, விலாவைத் திறந்து வைத்தாள்.

 களைப்பால் கை தானே நழுவியதோ என்று தங்கை ஐயுற்று, வலப்பக்கம் சென்று பார்த்தாள். இடப்பக்கம் சுற்றிப் பார்த்தாள். எப்பக்கம் சென்றாலும் தமக்கை அந்த விலாவையே அவளுக்கு நேராய்த் திருப்பினாள். எத்தனையோ ஆண்டுகளாய் எண்ணி எண்ணி வைத்திருந்த அடி, கைக்கெட்டும் தொலைவில் வந்து காத்து நின்றது. அவள் கை எழவில்லை. தோளில் இரண்டு தட்டு, தொடையில் ஒரு தட்டு. அடுமனையில் பொங்கிய மாவைத் தட்டிப் பார்ப்பதுபோல் தட்டிவிட்டுப் பின்வாங்கினாள். செங்கொடி உயர்ந்தது.

“கைய அடக்கிட்டம்மா. இது கணக்குல வராது. கடைசியில திரும்ப நீதான் வரணும்” என்றார் நடுவர். அவர் குரலில் கடுமையும் இல்லை, கனிவும் இல்லை.

அதன்பின் பொழுது சாயும்வரை தங்கை பட்ட பாடு தமக்கை பட்ட பாட்டிற்குச் சற்றும் குறைந்ததன்று. வந்தவர் ஒவ்வொருவரும் தம் முறையை முடித்துச் செல்லச் செல்ல, தூண் சாய்வதும், முழந்தாளிடுவதும், எண்ணுவதற்குள் எழுவதுமாய் இருந்தாள். அவள் அடுத்த மூச்சுக்குத் திணறும்போதெல்லாம், இத்தனைக்கும் மேல் இன்னொன்று என்னால் அன்றோ என்று தங்கை தன் உதட்டைக் கடித்துக்கொண்டாள். தன் முறையை முன்னரே முடித்துச் சுவரோரம் அமர்ந்திருந்த பல் மருத்துவர், “பலமா அடிக்கிறேன்னு சொன்னீங்களே” என்று வாய் திறந்தவர், அவள் கண்களைப் பார்த்ததும் தண்ணீர்க் குவளையை நீட்டினார்.

மேற்குச் சாளரங்களில் ஒளி சிவந்தபோது வரிசை முடிந்து, தங்கை ஒருத்தியே எஞ்சினாள். தமக்கைக்கு அப்போது எதிரே நிற்பவர் இன்னாரென்று தெரியுமோ தெரியாதோ என்னும்படி விழிகள் செருகியிருந்தன. ஆனால் தங்கை நெருங்கியதும் அந்த இட முழங்கை மீண்டும், நடுங்கிக்கொண்டே, உயர்ந்தது.

“அடிடி,” என்றாள் தமக்கை, அவளுக்கு மட்டும் கேட்கும் குரலில்.

தங்கை அடித்தாள். வலக்காலை ஊன்றி, இடுப்பைத் திருப்பி, உடலின் ஆற்றல் முழுவதையும் கைமுட்டியில் திரட்டி, அவள் வாழ்நாளில் அதுவரை அடித்திராத அடி அடித்தாள். அந்த அடி விலாவில் விழவில்லை. வலத்தோளுக்குக் கீழே நெஞ்சின் மேற்புறத்தில் இறங்கிற்று. தூண் சாய்ந்தது. நடுவர் எண்ணத் தொடங்கினார்.  எட்டு என்னும்போது அவள் ஒரு முழந்தாளை ஊன்றினாள். ஒன்பது என்னும்போது எழுந்தாள். எழுந்து தங்கையின் கண்ணோடு கண் நோக்கி நின்றாள். மணற்குடுவை வடிந்தது. கொடி உயரவில்லை.

ஆரவாரமெல்லாம் அடங்கியபின், உடை மாற்றும் சிற்றறையில், விரல்கள் வீங்கிக் கச்சையின் முடிச்சை அவிழ்க்க மாட்டாமல் அமர்ந்திருந்த தமக்கையின் முன் மண்டியிட்டு, தங்கை அதனை அவிழ்த்தாள். 

“உன்ன வரிசையில சேர்க்கச் சொன்னதே நான்தான்,” என்றாள் தமக்கை. “நீ கருங்கச்சை வாங்கட்டும்னுதான் இத்தன வருசம் தள்ளிப்போட்டேன். வேற எப்படி உன் முன்னால வந்து நிக்கிறதுன்னு தெரியல. அந்த விலாவ உனக்குன்னே வெச்சிருந்தேன். ஏன்டி அடிக்கல?”

“அது அம்மா எண்ணெய் தடவின இடம். அதுல அடிக்க எனக்கு எப்படிக்கா மனசு வரும்?”

மூலையில் இருந்த மருந்தெண்ணெயை எடுத்து, உள்ளங்கையில் ஊற்றித் தேய்த்துச் சூடாக்கி, தமக்கையின் இடவிலாவில் வைத்தாள் தங்கை. கோணலாய்க் கூடிய எலும்பின் மேடு, சிறுவிரல் அளவில், கைக்குத் தட்டுப்பட்டது. தாயின் கை எப்படிச் சுழலும் என்று நினைத்து நினைத்துச் சுழற்றினாள், அது வரவில்லை. அவள் உள்ளங்கை மாவு பிசைந்து காய்த்துப்போனது. தாயின் கை மென்மையானது. அடியேறிய உடம்போடு அதுவரை கண்ணீர் விடாத தமக்கை, அந்தக் கை தாயின் கையன்று என்று உணர்ந்த மாத்திரத்தில் குலுங்கிக் குலுங்கி அழுதாள்.

“அன்னைக்கு ஏன்க்கா இன்னொரு தடவ தட்டல? நான் கதவுக்குப் பின்னாலயேதான் நின்னேன்.”

“தெரியும். உன் மூச்சு கேட்டுது. தட்டினா திறந்திருவியேன்னு பயந்துட்டேன். திறந்தா, அம்மா இல்லாத வீட்ட பாக்கணுமே.”

அந்திமங்கலில் இருவரும் பாலத்தைக் கடந்து நடந்தனர். மூத்தவளின் கை இளையவளின் தோளில் கிடந்தது. பத்தடிக்கு ஒருமுறை நின்று இளைப்பாறினர். “பார்த்து வா, தூணாம் தூணு, கல்லு தடுக்கி விழுந்தா யாரும் பத்து எண்ண மாட்டாங்க” என்று இளையவள் கேலி செய்ய, மூத்தவள் சிரிக்க முயன்று நெஞ்சைப் பிடித்துக்கொண்டாள். தாய் வாழ்ந்த வீட்டின் வாயிலை அடைந்ததும் தங்கை திறவுகோலை எடுத்தாள். தமக்கை அவள் கையைத் தடுத்துவிட்டு, வீங்கிய முட்டியை மெல்ல உயர்த்திக் கதவை ஒருமுறை தட்டினாள்.

உள்ளே எவரும் இல்லை என்பதை இருவரும் அறிவர். அறிந்தும், ஒருத்தி தட்டிய கையைத் தாழ்த்தாமலும், மற்றொருத்தி திறவுகோலை நீட்டாமலும், உள்ளே மெல்லிய காலடி ஏதும் எழுமோ என்று செவிசாய்த்து நின்றனர். மறைந்தோர் கதவு திறக்க வருவதில்லை என்பதை அறியாதார் யார், அன்பரே? ஆயினும், தட்டிவிட்டுச் சற்றே காத்திராத நெஞ்சம் எதுவும் இவ்வுலகில் இல்லை. தெருவிளக்குகள் ஒவ்வொன்றாய் எரியத் தொடங்கின. பின்னர்த் தங்கை திறவுகோலைத் திருகினாள். தமக்கை முதலில் உள்ளே சென்றாள்.