பொட்டுக்கு அடியில்

பழைய வேட்டியில் சுற்றியிருந்த துப்பாக்கியை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு சிவரஞ்சனி கூடத்துக்கு வந்ததும், அப்பாவின் கால்மாட்டில் இருந்த பெண்கள் சட்டென்று விலகிக்கொண்டார்கள். ஒப்பாரி பாதியில் நின்றது. வாசலில் பாடை கட்டிக்கொண்டிருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள்.

"நான் போனா மொத போன் ஸ்டேஷனுக்கு, துப்பாக்கிய ஒப்படைக்கணும். அப்புறந்தான் சொந்தக்காரன்" என்று நாகராசு சொல்லி வைத்திருந்தார். மகளும் அப்படியே செய்திருந்தாள். சோலையப்பன் சித்தப்பாவுக்கு அதுதான் பொறுக்கவில்லை.

"கூடப் பொறந்தவன் எனக்கு ஏழு மணிக்குத்தான் சேதி. போலீசுக்கு அஞ்சு மணிக்கே போன். எங்கண்ணன் என்னைய விட அந்த இரும்பத்தான் நம்புச்சு."

எஸ்.ஐ. வசந்தகுமார் ஊருக்குப் புதிது. மாற்றலாகி வந்து மூன்று மாதம் ஆகியிருந்தது. மாலையைப் போட்டுக் கும்பிட்டுவிட்டு லைசென்ஸ் புத்தகத்தை விரித்தார். சிவரஞ்சனி குண்டு போடும் வாயை மூடியிருந்த போல்ட்டை இழுத்து, உள்ளே குண்டு இல்லை என்று முதலில் காட்டினாள். அப்பா பழக்கிய பழக்கம்.

எஸ்.ஐ. போல்ட்டின் பிடியில் வெட்டியிருந்த நம்பரைப் பார்த்தார். புத்தகத்தைப் பார்த்தார்.

"ஏம்மா, புக்குல ஏழாயிரத்து முந்நூத்திப் பதினாறு. இதுல நாலாயிரத்துத் தொள்ளாயிரத்து ரெண்டு. அதுவும் இது மிலிட்டரி துப்பாக்கி, த்ரீ நாட் த்ரீ. வீட்ல வச்சிருக்கவே கூடாது. லைசென்ஸ் பாயிண்ட் டூ டூவுக்கு, சின்னக் குண்டுத் துப்பாக்கிக்கு. அந்தத் துப்பாக்கி எங்க?"

"நான் அப்பவே நெனச்சேன். பட்டாளத்துல இருந்து வரையில கெளப்பிட்டு வந்ததுதான் இது" என்றார் சித்தப்பா, வாசல்வரை கேட்கும்படி.

சிவரஞ்சனி அப்பாவைப் பார்த்தாள். தாடையைச் சேர்த்து வெள்ளைத்துணி கட்டியிருந்தது. இன்னும் ஒரு மணி நேரத்தில் தூக்கிவிடுவார்கள். திருடன் என்ற பேரும் கூடவே போகும். இவ்வளவு கூட்டத்துக்கு முன்னால் அவள் வாய் திறந்து பேசியதே இல்லை. காலண்டரில் நூல் கட்டித் தொங்கிய பென்சிலை அறுத்து எடுத்தாள்.

"சார், த்ரீ நாட் த்ரீன்னா இந்தப் பென்சில் கொழலுக்குள்ள சரசரன்னு போயிரும். நீங்களே விட்டுப் பாருங்க."

அவர் விட்டுப் பார்த்தார். குழல்வாயிலேயே பென்சில் முட்டி நின்றது. திருகிப் பார்த்தார்.

"போகலையே."

"வெளிக்கூடுதான் சார் த்ரீ நாட் த்ரீ மாதிரி. பட்டாளத்துல குறி பழகறதுக்குன்னு செஞ்ச பாயிண்ட் டூ டூ. ஒவ்வொரு குண்டாத்தான் போடணும். பெறகு வேற ஊரு ரைபிள் கிளப்புக்கு வித்துட்டாங்க. அந்த கிளப்ப மூடுனப்ப அப்பா லைசென்ஸ் போட்டு வாங்குனாரு. போல்ட்டு ஒடஞ்சு கிளப்புலயே வேற மாட்டிருந்தாங்க. நீங்க பாக்குறது அந்த போல்ட்டோட நம்பரு."

"அப்ப இதோட சொந்த நம்பரு?"

குழல் உடலோடு சேருகிற வளையத்தை அவள் காட்டினாள். அங்கே ஒரு ரூபாய் அகலத்துக்குத் தார் போலக் கறுத்து ஏதோ அப்பியிருந்தது. முப்பத்தோரு வருட ஆயுத பூசை. வருடம் தவறாமல் அம்மா மூக்காயி அதே இடத்தில்தான் சந்தனம் வைத்துக் குங்குமம் வைப்பாள். ஞாயிற்றுக்கிழமைதோறும் எண்ணெய்த் துணியால் துடைக்கிற அப்பா, அந்தப் பொட்டை மட்டும் சுற்றிக்கொண்டு போவார். 'அவ வச்சத நான் எதுக்குத் தொடைக்கணும்?' எலெக்ஷனுக்கு எலெக்ஷன் ஸ்டேஷனில் கொடுத்து வாங்கியபோதும் நாகராசு துப்பாக்கி என்றால் யாரும் திருப்பிப் பார்த்ததில்லை.

"இதுக்கு அடியில சார்."

"எடும்மா அத."

நகத்தைக் கொண்டுபோனாள். கை அதற்குமேல் போகவில்லை.

"இங்கிட்டுக் கொண்டா" என்றாள் மூக்காயி. காலையிலிருந்து அவள் பேசிய முதல் பேச்சு.

துப்பாக்கியை மடியில் கிடத்தி, தலைமாட்டு விளக்கின் எண்ணெயில் முந்தானையைத் தொட்டுத் தேய்த்தாள். கறுப்பு கரைந்தது. சிவப்பு வந்தது. அதற்கும் கீழே மஞ்சள். முதலில் பட்டாளத்து முத்திரையான ஒரு சின்ன அம்புக்குறி தெரிந்தது. பிறகு எண்கள். துரு அண்டாமல், நேற்று வெட்டியது போல இருந்தன.

எஸ்.ஐ. குத்துக்காலிட்டு உட்கார்ந்து செல்போன் வெளிச்சத்தை அடித்தார்.

"ஏழு... மூணு... ஒண்ணு... ஆறு." நாகராசுவின் முகத்தைத் திரும்பிப் பார்த்தார். "சரியா இருக்குங்க" என்றார், அவரிடமே சொல்வது போல.

"நான் சும்மா ஒரு பேச்சுக்குத்தான் சொன்னேன்" என்றார் சித்தப்பா. பாடைக்கயிறு சரியாக இருக்கிறதா என்று பார்க்க வாசலுக்குப் போய்விட்டார்.

எஸ்.ஐ. ரசீது எழுதினார். "இப்போதைக்கு ஸ்டேஷன்ல இருக்கட்டும். வாரிசு மனு போடுங்க, பேர இதுலயே குறிச்சுக்கிறேன். பையன் யாரும் இருக்காங்களா?"

"பையனுக்கு எங்கிட்டுப் போறது? இவதான்" என்றாள் மூக்காயி. "ஞாயித்துக்கெழமையானா அப்பனும் மகளும் புதுக்கோட்டை கிளப்புக்குக் கெளம்பிருவாக. கண்ணு மங்குன பெறகு அவுக நின்னு பாக்குறதுதான். சுடுறது இவ."

எஸ்.ஐ. சிவரஞ்சனியை நிமிர்ந்து பார்த்தார். "பேரு?"

"சிவரஞ்சனி."

"இனிஷியல்?"

"நா."

எழுதிக் கிழித்துக் கொடுத்தார். துப்பாக்கியை வாங்கக் கை நீட்டினார்.

"செத்த இருங்க தம்பி."

மூக்காயி தலைமாட்டுக் கிண்ணத்துச் சந்தனத்தில் விரலைத் தொட்டாள். எண்கள்மேல் படாமல் ஒரு விரல் தள்ளி, வளையத்தில் வைத்தாள்.

அது காயும்வரை வேட்டியைச் சுற்றாமல், துப்பாக்கியைக் கையில் ஏந்தியபடியே எஸ்.ஐ. நின்றுகொண்டிருந்தார்.