ஹார்ன் அடித்த இடம்

ஐயப்பன்தாங்கல் பஸ் டிப்போவுக்குப் பின்னால் ஓர் அடுக்ககத்தில் சுதா கீபோர்டு சொல்லித்தருகிறாள். அவளிடம் படிப்பவர்களில் மூத்தவர் ஜம்புலிங்கம். வங்கியில் இருந்து ஓய்வு பெற்றவர். விரல்கள் மரக்கட்டை. ஆர்வத்துக்குக் குறைவில்லை.

அந்தச் செவ்வாய்க்கிழமை அவர் போனை நீட்டினார்.

"மேடம், இந்தப் பாட்டுதான் வேணும். அடுத்த மாசம் என் வீட்டுக்காரி கமலத்துக்கு அறுபது. அவளுக்கு இதுன்னா உயிர்."

புதுப் படப் பாட்டு. இசை கௌதம். கௌதமின் பாட்டு எங்கே ஒலித்தாலும் சுதா எழுந்து போய்விடுவாள். அவன் பாட்டுகள் வரத் தொடங்கிய நாளிலிருந்து அப்படித்தான். இங்கே எழுந்து போக முடியாது. இது அவள் வீடு. கேட்டதில்லை என்று மட்டும் சொன்னாள்.

பல்லவி ஓடியது. சரணத்துக்கு முந்தைய வாத்தியம் முடிந்தது. பாடகர் வாயெடுக்கும் முன்பே சுதாவின் வலக்கை கீபோர்டில் சரணத்தைத் தொடங்கிவிட்டது. போன் பின்னாலேயே வந்தது.

"கேட்டதே இல்லன்னீங்க?"

"கேட்டதில்ல சார்."

"பின்னே எப்படி?"

அதற்குள் பாட்டு நின்றது. ஒரு வாத்தியம்கூட இல்லை. சுதா தன்னையறியாமல் தொடையில் தட்டினாள். ஏழு. எட்டாவது தட்டில் எல்லாம் ஒன்றாக வந்து விழுந்தன.

"இந்த இடம்தான் மேடம்! தியேட்டர்ல புல்லரிச்சுப் போச்சு. காதலியோட மூச்சு நின்னு போற இடம்னு கௌதம் பேட்டியில சொன்னாரு."

"மூச்சு இல்ல சார்," என்றாள் சுதா. "ரயில்."

ஜம்புலிங்கம் அவள் முகத்தைப் பார்த்தார். புத்தகத்தை மூடி வைத்துக்கொண்டு, அடுத்த வாரம் வருகிறேன் என்று கிளம்பிவிட்டார்.

பன்னிரண்டு வருடங்களுக்கு முன்னால் அவர்கள் மூன்று பேர். கௌதம் பாடுவான், கிடார் வாசிப்பான். தமிழரசு டிரம்ஸ். சுதா கீபோர்டு. இசைக்குழுவின் பெயர் 'கடைசி பஸ்'. இரண்டு வருடம் திருமுல்லைவாயிலில் ஒலிப்பதிவாளர் கலியமூர்த்தியின் வீட்டு முன்னறையில் ஒலிப்பதிவு செய்தார்கள். நாற்பத்தொரு மெட்டு. ஒன்றும் வெளியே வரவில்லை. ஒரு திங்கட்கிழமை கௌதம் சாலிகிராமத்தில் ஓர் இசையமைப்பாளரிடம் உதவியாளனாகச் சேர்ந்தான். செவ்வாய்க்கிழமை குழு இல்லை.

அந்த அறையின் சுவர் முழுக்க முட்டை அட்டை ஒட்டியிருக்கும். வெளிச்சத்தம் உள்ளே வராது என்று கலியமூர்த்தி சொல்வார். வீட்டுக்குப் பின்னால் ரயில் பாதை. நூறடியில் கேட். ஒவ்வொரு வண்டியும் கேட்டுக்கு முன்னால் ஹார்ன் அடிக்கும். முட்டை அட்டையால் அதை ஒன்றும் செய்ய முடியவில்லை.

அதற்காக அவர்கள் ஒரு முறை வைத்திருந்தார்கள். ஹார்ன் கேட்டதும் கலியமூர்த்தி கையைத் தூக்குவார். எல்லோரும் நிறுத்திவிடுவார்கள். பதிவை நிறுத்த முடியாது. நிறுத்தினால் அவருடைய கம்ப்யூட்டர் மறுபடி உயிர் பெறப் பத்து நிமிடம் ஆகும். அதனால் அவரவர் மனசுக்குள் தாளத்தை எண்ணிக்கொண்டே இருப்பார்கள். கை இறங்கியதும் விட்ட இடத்திலிருந்து பிடிப்பார்கள். நடுவில் இருப்பதைப் பிற்பாடு வெட்டி ஒட்டிக்கொள்ளலாம்.

பாதிக்கு மேல் வெட்டப்படாமலே போயின. அதில் ஒன்றில் ஹார்ன் ஏழு தட்டு நீளம்.

புதன்கிழமை காலையில் சுதா திருமுல்லைவாயில் போனாள். கலியமூர்த்தி செம்பரம்பாக்கம் மனை விளம்பரம் ஒன்றுக்குத் தானே குரல் கொடுத்துக்கொண்டிருந்தார். ஹெட்போனைக் கழற்றினார்.

"இன்னா சுதாம்மா! பன்னெண்டு வருசம் கயிச்சுதான் வழி தெரிஞ்சுதா?"

"பழைய டிஸ்க் இருக்கா அண்ணே?"

"கீது. தூக்கிப் போட மனசு வர்ல."

பீரோவின் மேல்தட்டில், கற்பூர டப்பாவுக்குப் பின்னால் இருந்தது. இணைத்தார். பட்டியல் விரிந்தது. சமோசா. முறுக்கு. தக்காளி சாதம். புரோட்டா ஒன்று. புரோட்டா இரண்டு. பஜ்ஜி. மெட்டு பதிவான அன்று எல்லோரும் என்ன தின்றார்களோ அதுதான் கோப்பின் பெயர். போட்டவர் பெயர் எதிலும் கிடையாது. அந்த வழக்கம் எப்படி வந்தது என்று அவளுக்கு அப்போது நினைவில் இல்லை.

புரோட்டா இரண்டைத் திறந்தாள். இருபத்துநாலு வயது சுதா வாசித்தாள். சரணம். ஹார்ன். ஏழு. எட்டில் மூவரும்.

கலியமூர்த்தி தலையில் கை வைத்துக்கொண்டார். "அட, இந்தப் பாட்டு கேட்டுகினுதான்மா தினம் ஷேர் ஆட்டோல போறேன். எனக்கே தெரியல."

"ஹார்னையும் சேத்துத் திருடியிருக்கான். எடுத்துட்டு அங்க ஒண்ணும் போடாம விட்டிருக்கான். அதுக்கு விளக்கம் வேற."

இரண்டு நாள் அங்கேயே உட்கார்ந்தாள். கௌதமின் பாட்டுகளை ஒவ்வொன்றாகப் போனில் கேட்டாள். ஒரு கோடு போட்ட நோட்டில் எழுதினாள். தக்காளி சாதத்தின் சரணம் ஒரு கல்யாணப் பாட்டின் பல்லவியாகியிருந்தது. வேகம் இரண்டு மடங்கு. முறுக்கைச் சுருதி ஏற்றி ஒரு பாடகியிடம் கொடுத்திருந்தான். தமிழரசு மேசையில் தட்டிக்கொண்டே முனகிய சமோசா, கதாநாயகன் லாரியிலிருந்து குதிக்கும் பாட்டாகியிருந்தது.

ஐந்தாவது பஜ்ஜி. அதை எழுதும்போது பேனா நின்றது. பஜ்ஜியின் முதல் வரிக்காக கௌதம் இந்த வீட்டு வாசற்படியில் மூன்று நாள் உட்கார்ந்திருந்தான். அவள் பார்த்திருக்கிறாள். பஜ்ஜிக்கு எதிரே கௌதம் என்று எழுதினாள்.

"மூணு உன்னுது. ஒண்ணு தமிழுது. ஒண்ணு அவன்து," என்றார் கலியமூர்த்தி.

"அவனுக்கு இது எப்படிக் கிடைச்சுது அண்ணே?"

அவர் ஹெட்போன் ஒயரைச் சுற்றினார். அவிழ்த்தார்.

"மூணு வருசம் முன்னாடி வந்தான். பழைய ஞாபகத்துக்குக் கேக்கணும்னான். காப்பி போட்டுக் குடுத்தேன்."

"என்னை ஒரு வார்த்தை கேக்கத் தோணலையா?"

"உன் நம்பர் என்னாண்ட எங்க கீது? அவன் தீபாவளிக்கு தீபாவளி ஸ்வீட்டு அனுப்பறான்."

சுதா அவரிடமே எண் வாங்கி கௌதமைக் கூப்பிட்டாள். ஸ்பீக்கரில் போட்டாள்.

"சுதாவா? எங்க இருக்க? எப்படி இருக்க?"

"திருமுல்லைவாயில்ல. புரோட்டா ரெண்டு கேட்டுட்டிருக்கேன்."

மறுமுனையில் ஒரு கதவு சாத்தப்பட்டது. குரல் தாழ்ந்தது.

"அது பேண்டு பாட்டு சுதா. நம்ம எல்லாரோடதும்."

"எல்லாரோடதுக்கு உன் ஒருத்தன் பேரு எப்படிடா வந்துச்சு?"

"படத்துல மூணு பேர் பேரெல்லாம் போட முடியாது. இது ஸ்கூல் டிராமா இல்ல."

"கேட் ஹார்னைக்கூட விட்டு வைக்கல நீ. காதலியோட மூச்சாம். தண்டவாளத்துல படுத்திருந்தாளா உன் காதலி?"

கலியமூர்த்தி சிரித்துவிட்டு வாயைப் பொத்திக்கொண்டார். கௌதமுக்குக் கேட்டிருக்க வேண்டும்.

"சரி, உன் ட்யூன்னே வச்சுக்க. எங்க எழுதியிருக்கு? காட்டு. பேரே போடக்கூடாதுன்னு சண்டை போட்டது யாரு? நான் போடலாம்னு சொன்னேன். தமிழும் போடலாம்னான். நீதான் குதிச்ச. பேரு போட்டா அது பேண்டு இல்ல, கடைன்னு சொன்ன. தின்ன பண்டத்தோட பேரு வைன்னு சொன்னதும் நீதான். மறந்துட்டியா?"

மறந்துதான் போயிருந்தாள். இப்போது எல்லாம் வந்தது. இதே அறை. சமோசாவின் எண்ணெய் படிந்த காகிதம். யார் பெரியவன் என்ற பேச்சே நமக்குள் வேண்டாம் என்று அவள் சொன்னது. அவள்தான் அதிகமாகச் சிரித்தது.

நோட்டை மூடினாள்.

"சரி," என்றாள். "என் ரூல்தான். ரூல் மூணு பேருக்கும்தானே? உன் பேரையும் எடு."

"லூசு மாதிரி பேசாத."

"எடுடா. இசைன்னு போட்டு வெறுமனே விடு. புரோட்டான்னு போடு."

"ஏப்ரல்ல கச்சேரி இருக்கு. வந்து வாசி. மேடையில உன் பேரைச் சொல்றேன். என் பழைய தோழின்னு."

"ரெண்டாவது வரியில கீழ இறங்கணும்டா, மேல ஏறக்கூடாதுன்னு நாலு நாள் உன் மண்டையில ஏத்தினவ நான். தோழியா?"

"மீட்டிங் இருக்கு," என்றான் அவன். இணைப்பு போயிற்று.

சுதா நின்றுகொண்டே ஐந்து பதிவுகளையும் அப்படியே இணையத்தில் ஏற்றினாள். வெட்டவில்லை. ஹார்ன் ஹார்னாகவே இருந்தது. பெயர் எதுவும் போடவில்லை. சமோசா, முறுக்கு என்று மட்டும் போட்டு, பதிவான தேதியை எழுதினாள்.

கலியமூர்த்தி டீ வாங்கி வந்தார். குடித்து முடிப்பதற்குள் ஐந்து அறிவிப்புகள் வந்துவிட்டன. மனிதர் யாரும் பார்த்து அனுப்பியதல்ல. இயந்திரமே மெட்டை ஒப்பிட்டுப் பார்த்து அனுப்பியது. இந்தப் பதிவில் வேறொருவருக்கு உரிமையான இசை உள்ளது. பதிவு நீக்கப்பட்டது.

"இன்னாவாம்?"

"நான் கௌதமைக் காப்பி அடிச்சேனாம்."

"அவன் போடறதுக்குப் பத்து வருசம் முன்னாடியேவா? கெட்டிக்காரிதான் நீ."

சுதா டீ தம்ளரைக் கீழே வைத்தாள். வைத்த வேகத்தில் அது உருண்டு மேசைக்கடியில் போயிற்று. அறிவிப்பின் அடியில் மறுப்புப் படிவம் இருந்தது. இசையமைத்தவர் பெயர். சான்று. சாட்சி. பொய்த் தகவல் தந்தால் சட்ட நடவடிக்கைக்கு உட்பட வேண்டும்.

முதல் கட்டத்தில் தன் பெயரை எழுதினாள். ஆர். சுதா. சான்று என்ற இடத்தில் டிஸ்கிலிருந்த தேதியை எழுதினாள். ஹார்னையும் எழுதினாள். எத்தனையாவது நிமிடம், எத்தனை தட்டு, எந்த கேட்.

"சாட்சிக்கு உங்க பேரு போடவா அண்ணே?"

அவர் மனை விளம்பரத் தாளை மடித்தார்.

"இந்த லைன்லயே பொயப்பு ஓட்டறவன்மா நான்."

"தெரியும். ஸ்வீட்டு இனிமே நான் வாங்கித் தரேன்."

"சுகர் வந்து ரெண்டு வருசம் ஆவுது. எல்லாம் பக்கத்து ஊட்டுக்குத்தான் போவுது." மூக்கை உறிஞ்சினார். "போடு. கலியமூர்த்தி. 'லி' குறில்."

மூன்று படிவம் முடிந்தது. சமோசாவுக்கு முன்னால் ஆவடிக்குப் போன் செய்தாள். தமிழரசு ராணுவத் தளவாடத் தொழிற்சாலையில் இருக்கிறான். சாப்பாட்டு நேரம். பின்னால் தட்டுகளின் சத்தம்.

"தமிழு, அந்த லாரிப் பாட்டு உன் சமோசா."

"தெரியும்."

"தெரியுமா?"

"தியேட்டர்லயே தெரிஞ்சுது. பக்கத்துல என் பொண்டாட்டி விசில் அடிச்சா. இது என் பாட்டுடின்னா சிரிப்பா. அதான் சொல்லல."

"கோவம் வரலையா உனக்கு?"

"வந்துச்சு. மறுநாள் காலை ஷிப்ட்."

"மறுப்பு போடறேன். உன் பேரு எழுதவா?"

அவன் தட்டை நகர்த்தி வைப்பது கேட்டது.

"எழுதிக்க. ஆனா என்னை இதுல இழுக்காத. கோர்ட்டு கீர்ட்டுன்னு கூப்பிடாத."

"சரி."

"சுதா. இனிஷியல் பி. சேத்து எழுது."

எழுதினாள். அனுப்பினாள். கடைசி அறிவிப்பு பஜ்ஜிக்கு. ஏற்கிறேன், மறுக்கிறேன் என்று இரண்டு பொத்தான்கள்.

"இதுக்கும் உன் பேரையே போடு," என்றார் கலியமூர்த்தி. "இதுல மட்டும் இன்னா அவனுக்கு மரியாத? மூணு எட்த்தான். ஒண்ணு எட்த்துக்கோ. எவனுக்குத் தெரியும்? எதுலயும்தான் பேரே இல்லியே."

சுதா திரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவனை அடிக்க வேண்டும்போல் இருந்தது. கொஞ்சமும் குறையவில்லை.

"அது அவன் போட்டது அண்ணே."

ஏற்கிறேன் என்பதை அழுத்த அவளுக்கு மற்ற நான்கையும்விட அதிக நேரம் பிடித்தது. அழுத்தினாள்.