தண்ணீர் குடிக்கும் வேன்

கச்சிராயபாளையத்தில் மலைக்குப் போகும் ரோட்டோரம் சின்னக்கண்ணுவின் மெக்கானிக் ஷெட். பானெட் திறந்து கிடந்த வேனுக்கு எதிரே, கருணாபுரத்துக் கூலிப் பெண்கள் பதினொரு பேர் சோற்றுத் தூக்கோடு குந்தியிருந்தார்கள். மலைமேல் குச்சிக்கிழங்கு பிடுங்கப் போக வேண்டியவர்கள். மணி ஒன்பதாகியும் இங்கேதான் கிடந்தார்கள்.

டிரைவர் செல்லமுத்து வேனை விட்டு நகரவில்லை. காலையில் மூன்றாவது வளைவில் சூடு காட்டும் முள் சிவப்பைத் தொட்டதும், எல்லோரையும் இறக்கி நடக்கவிட்டு, இஞ்சினை நிறுத்தி, வேனை உருட்டியே கீழே கொண்டுவந்தவன் அவன். இஞ்சின் ஓடாத வண்டியில் பிரேக் பெடல் கல்லாக இறுகிப்போகும், முழு பலத்தோடு மிதித்தாலும் லேசில் பிடிக்காது. மிதித்து மிதித்து வலது தொடை இன்னும் நடுங்கிக்கொண்டிருந்தது. இறங்கி நடந்தவர்களில் அவன் பெண்டாட்டி ஆயம்மாளும் ஒருத்தி.

"எத்தினி நாளா தண்ணி கம்மியாவுது?" என்று கேட்டான் சின்னக்கண்ணு.

"ஒரு வாரமா. காலைல ரொப்பினா சாயங்காலம் ரெண்டு சொம்பு கொறையுது. கீழ ஒரு சொட்டு ஈரம் இல்ல."

சின்னக்கண்ணு மல்லாந்து படுத்து வண்டிக்கு அடியில் நுழைந்தான். ஹோஸ் பைப்புகளை நெருடினான். வாட்டர் பம்பைத் தடவி விரலைப் பார்த்தான். காய்ந்திருந்தது. எழுந்து ஆயில் அளவு பார்க்கும் கம்பியை உருவினான். பால் ஜாஸ்தியாக ஊற்றின டீயைப்போல ஆயில் வெளுத்திருந்தது. சூடு தணிந்துவிட்டதா என்று தொட்டுப் பார்த்து, ஈரச் சாக்கைப் போட்டு ரேடியேட்டர் மூடியைத் திறந்து தண்ணீர் ஊற்றினான்.

"ஸ்டார்ட் பண்ணு."

இஞ்சின் ஓடியதும் ரேடியேட்டர் வாயில் குபுகுபுவென்று குமிழ்கள் கிளம்பின. சைலன்சரில் வெள்ளைப் புகை.

"வெளிய எங்கயும் ஒழுகல. இஞ்சினே குடிச்சிக்கினு இருக்குது. ஹெட் கேஸ்கட் போயிட்ச்சி," என்றவன், வாயில் பொங்கி வந்ததை விரலில் வழித்தான். மஞ்சள் சேறு. "இது இன்னாது?"

"மஞ்சத்தூளு."

"வண்டிக்குள்ள சாம்பாரு வச்சிருக்கான்டி," என்றாள் குந்தியிருந்தவர்களில் ஒருத்தியான தைலம்மாள். பெண்கள் சிரித்தார்கள். ஆயம்மாள் மட்டும் சிரிக்கவில்லை.

"ரேடியேட்டர்ல ஓட்ட இருந்தா போடுவாங்க, போய் அடைச்சிக்கும். ஓட்டயே இல்லாததுல போட்டா? உள்ள இருக்கற கொழா அத்தினியும் அடைச்சிக்கினு கெடக்குது. எவன் போடச் சொன்னான்?" என்றான் சின்னக்கண்ணு.

செல்லமுத்து பதில் சொல்வதற்குள் புல்லட் வந்து நின்றது. முதலாளி ராஜாங்கம். வேன் அவருடையது, மலையில் குத்தகைக்கு எடுத்த கிழங்குக் காடும் அவருடையது. செல்லமுத்துவின் லைசென்சும் அவர் வீட்டு பீரோவில்தான் இருந்தது. டிரைவர்கள் ஓடிப்போகாமல் இருக்க அப்படி வாங்கி வைத்துக்கொள்வது அவர் வழக்கம்.

"இன்னாடா, வண்டிய கொன்னுட்டியா?"

"போன வாரமே சொன்னனே மொதலாளி, மெக்கானிக்கு கிட்ட காட்டலாம்னு. நீங்கதான் மஞ்சத்தூளு பொட்டலம் குடுத்து..."

"நான் குடுத்தனா?" ராஜாங்கம் பெண்கள் பக்கம் திரும்பினார். "நீங்க யாராச்சும் பாத்தீங்களா?"

பொட்டலத்தை அவர் ஜன்னல் வழியே நீட்டியபோது வேனுக்குள் பதினொரு பேரும் இருந்தார்கள். தைலம்மாள் தூக்கின் மூடியை அழுத்தி மூடினாள். மற்றவர்கள் ரோட்டைப் பார்த்தார்கள்.

சின்னக்கண்ணு கையைத் துடைத்துக்கொண்டே சொன்னான். "ஹெட்ட கழட்டி கள்ளக்குறிச்சில லேத்துக்குக் குடுக்கணுங்க. மூணு நாளாவும்."

"மேல லாரி லோடுக்கு நிக்குது. ரேடியேட்டர கழுவி உடு. தண்ணிய கேன்ல ரொப்பி வச்சிக்கினு போவட்டும்."

"அது ஓடனாலும் ஓடும், ஓடாட்டியும் போவும். உங்க இஷ்டங்க."

"நடு மேட்டுல இஞ்சின் நின்னா பிரேக்கு புடிக்காது மொதலாளி," என்றான் செல்லமுத்து. "ஆளுங்கள ஏத்திக்கினு நான் ஓட்ட மாட்டேன். காலியாவேணா ஏத்தித் தரேன்."

"நீ ஓட்ட வாணாம்." ராஜாங்கம் செல்போனை எடுத்தார். "நாராயணசாமிய வரச்சொல்லு."

நாராயணசாமி அவருடைய டிராக்டர் டிரைவர். மலை ரோட்டில் ஒரு நாளும் வண்டி ஏற்றாதவன்.

"அப்ப என் லைசென்ஸ குடுத்துடுங்க. வேற எடம் பாத்துக்கறேன்."

"எதுக்கு? இன்னொருத்தன் வண்டியில சாம்பாரு வெக்கவா?"

இந்த முறையும் பெண்கள் சிரித்தார்கள். முதலாளி சொன்னதற்காகச் சிரித்தார்கள்.

ரேடியேட்டரைக் கழுவி முடித்து, நாராயணசாமி வந்து ஸ்டீயரிங்கைப் பிடிக்க, பதினொரு மணிக்கு வேன் கிளம்பத் தயாரானது. ஏறுவதற்குப் பெண்கள் தயங்கினார்கள். "ஏறாதவ நாளைக்கும் வர வாணாம்," என்றார் ராஜாங்கம். ஒவ்வொருத்தியாக ஏறினார்கள். செல்லமுத்து ஆயம்மாளின் முழங்கையைப் பிடித்தான்.

"நீ போவாதடி. உனக்குமா தெரியல? அது நடுவுல நிக்கும்."

"நிக்கும்னு தெரியுது."

"அப்புறம் இன்னாத்துக்கு ஏறுற?"

"நீயும் வூட்ல, நானும் வூட்லன்னா இன்னாத்த துன்றது? கைய உடுய்யா, எல்லாரும் பாக்கறாங்க."

அவன் விடவில்லை. அவளே விரல்களைப் பிரித்துவிட்டு ஏறினாள். கடைசியாக ஏறியதால் திறந்தே கிடந்த பின்கதவை ஒட்டித்தான் இடம் கிடைத்தது. கால் வைக்கும் இடத்தில் ஒரு தண்ணீர் கேன் இருந்தது. இன்னொன்றை வைக்க இடமில்லை.

"மடியில வச்சிக்க," என்று ராஜாங்கம் அதைத் தூக்கி அவள் மேல் வைத்தார்.

வேன் உறுமிக்கொண்டு மலைப்பக்கம் திரும்பியது. சைலன்சரிலிருந்து சுருண்டு எழுந்த வெள்ளைப் புகையில் ஆயம்மாளின் முகம் மறைந்தது. கேனைக் கட்டிப் பிடித்திருந்த இரண்டு கைகள் மட்டும் கொஞ்ச தூரம் வரை தெரிந்தன.