பக்கெட் தூக்காத பதினெட்டுப் பேர்

கதை எழுதும் தகுதி எனக்கு உண்டென்று சொல்லிக்கொள்ள மாட்டேன். அறிந்ததை வரிசை தவறாமல் சொல்ல முயன்றிருக்கிறேன். குறை இருப்பின் வாசிப்பவர்கள் பெரிய மனது பண்ணிப் பொறுத்தருள வேண்டுகிறேன்.

மண்ணூருக்கு அருகில் ஒரு தனியார் பாலிடெக்னிக் இருந்தது. அதன் விடுதி மாணவர் மன்றத்துக்கு 1991 ஜூன் மாதத்தில் செயலாளராக வந்தவன் எழிலரசன், மூன்றாம் ஆண்டு இயந்திரவியல் மாணவன். பதவி என்பதைவிட, இடிந்த வீட்டின் சாவி அவன் கைக்கு வந்தது என்பதே பொருந்தும்.

மன்றத்தில் சேர ஒரு வழக்கம் உண்டு. அதற்கு ‘மண்டலம்’ என்று பெயர். மலைக்கு மாலை போட்டவரைப் போல, புதிய மாணவன் நாற்பத்தெட்டு நாள் ஒரு மூத்தவனுக்குக் கட்டுப்பட்டிருக்க வேண்டும். விடியற்காலையில் அவனுடைய பக்கெட்டில் தண்ணீர் பிடித்துக் குளியலறை வாசலில் வைக்க வேண்டும். சட்டை துவைக்க வேண்டும். நில் என்றால் நிற்க வேண்டும். நாற்பத்தொன்பதாம் நாள் அவனும் உறுப்பினன்.

முந்தைய ஆண்டு முப்பதாம் நாளில், அன்பு என்ற மாணவன் பக்கெட்டைக் கீழே வைத்துவிட்டு முடியாது என்றான். இறுதியாண்டு மாணவன் ஒருவன் அறைந்ததில் வலது காதின் சவ்வு கிழிந்தது. குன்றத்தூரிலிருந்து அவனுடைய தகப்பனார் வந்தார். எவரையும் ஏசாமல் பெட்டியைத் தோளில் வைத்துக்கொண்டு மகனை அழைத்துப் போனார். அறைந்தவன் படிப்பு முடிந்து போய்விட்டான். அறை விழுந்தபோது அன்புவின் கைகளைப் பின்னால் பிடித்திருந்தவன் எழிலரசன். இது பிரின்சிபாலுக்குத் தெரியாது.

பக்கத்து ஊர்த் தேர்தல் கூட்டத்தில் குண்டு வெடித்த அந்த மே மாதத்துக்குப் பிறகு சாலை நெடுக போலீஸ் நின்றது. மாணவர் கூடினாலே பிரின்சிபால் ஆளனுப்பிக் கலைத்தார். செப்டம்பர் முப்பதுக்குள் விடுதியின் முதலாண்டு மாணவர் பதினெட்டுப் பேரும் விரும்பிக் கையெழுத்திட வேண்டும், இல்லையேல் மன்ற அறையைப் பூட்டிவிடுவேன் என்று அவர் சொன்னார். மண்டலம் இல்லாத மன்றம் ஒன்றை நிலைநிறுத்திக் காட்டிவிட்டால், குன்றத்தூர் போய் அன்புவைத் திரும்ப அழைக்கத் தனக்கு முகம் இருக்கும் என்று எழிலரசன் எண்ணினான். அவனுக்கு வேண்டியிருந்தது அவ்வளவுதான்.

மண்டலம் இருந்த இடத்தில் அவன் பாடம் வைத்தான். வாரத்தில் மூன்று மாலை. மைக்ரோமீட்டரில் அளவு பார்ப்பது, டிராயிங் போடுவது, விண்ணப்பம் எழுதுவது, ஐந்து நிமிடம் எழுந்து நின்று பேசுவது. மூத்தவன் இளையவன் வேறுபாடின்றி ஆளுக்கொரு ஏடு. அந்த வாரம் கற்றதை அதில் எழுதி, மறுவாரம் இன்னொருவனுக்குக் கற்பிக்க வேண்டும். ஏட்டில் பொய் கூடாது என்பது முதல் விதி.

முதல் மாலை பதினெட்டுப் பேரும் கழுத்துவரை பொத்தான் போட்டு, தலை குனிந்து நின்றார்கள்.

“உக்காருங்க தம்பி.”

“பரவால்லண்ணா. நின்னுக்கினே கேக்கறோம்,” என்றான் ராமன், செம்பரம்பாக்கத்துப் பையன்.

“இங்க யாரும் எதுவும் செய்ய மாட்டாங்க. உக்காருங்க.”

“பெஞ்சில முள்ளு வச்சிக்கீறியான்னு பாக்கறானுங்க மச்சான்,” என்றான் எழிலரசனின் அறைத்தோழன் கன்னியப்பன். “நீ குந்திக் காட்டு.”

எழிலரசன் உட்கார்ந்து காட்டினான். அவர்கள் அசையவில்லை. பொறுமை இழந்து, “உக்காருங்கடா,” என்றான். ஒரே நொடியில் பதினெட்டுப் பேரும் உட்கார்ந்தார்கள். அந்தக் குரல் தன் தொண்டையிலிருந்துதான் வந்தது என்பது அவனைப் பல நாள் அரித்தது.

ஆயினும் காரியம் மெல்ல ஊன்றியது. ஆகஸ்டில் ராமன் எழுந்து நின்று, தன் அப்பா கூலிக்குப் போகும் இடத்து பம்ப்செட் அடிக்கடி ஏன் புகைகிறது என்று ஐந்து நிமிடம் வேடிக்கையாகப் பேசினான். கன்னியப்பன்கூட வாய்விட்டுச் சிரித்தான்.

மன்றத்துக்கு இன்னொரு வேரும் இருந்தது. பெருஞ்சாலையில் ஒரு தொழிற்சாலையில் சூப்பர்வைசராக இருந்த பலராமன், பழைய உறுப்பினர். ஆண்டுதோறும் மன்றத்துப் பிள்ளைகள் ஐவரை அப்ரண்டிஸாக எடுப்பவர்; வரும் ஆண்டு எழிலரசனையும் எடுப்பதாகச் சொல்லியிருந்தார். அந்த ஏற்பாடு இனியும் தொடரும் என்று வாக்கு வாங்க, செப்டம்பரில் ராமனின் ஏட்டை எடுத்துக்கொண்டு எழிலரசன் போனான். ஷிப்ட் முடிந்து வந்த பலராமன் வாசலில் நின்றே அதைப் புரட்டினார்.

“நல்லாத்தான் கீது. இவன் யார் பக்கெட்டு தூக்கினான்?”

“யாரும் தூக்கல சார். அதை எடுத்துட்டோம்.”

“அப்ப யாரக் கேட்டு நான் தெரிஞ்சிக்கறது? நான் சீனியர் எல்லப்பன் பக்கெட்டு தூக்கினேன். அவரு ஒரு வார்த்தை சொன்னாரு, உள்ள வந்தேன். மைக்ரோமீட்டரு எவன் வேணா பாப்பான் தம்பி. மூணு ஷிப்டும் மூஞ்சி சுளிக்காம நிப்பானான்னு எனக்கு எவன் சொல்லுவான்?”

“ஏட்டுல எல்லாம் இருக்கு சார்.”

“ஏடு வந்து லைன்ல நிக்காதுப்பா.”

பக்கெட்டை வெறும் கொடுமையென்றே எழிலரசன் கருதியிருந்தான். வெளியே இருந்தவர்களுக்கு அதுவே சிபாரிசுக் கடிதமாகவும் இருந்ததை அவன் கணக்கில் கொள்ளவில்லை. நடந்ததை மறைத்திருக்கலாம். பொய் கூடாது என்று விதி வைத்தவன் ஆதலால் மறுநாள் எல்லார் முன்னும் சொன்னான்.

இருபத்தெட்டாம் தேதி பதினெட்டுப் பேரும் அவன் அறை வாசலுக்கு வந்தார்கள்.

“அண்ணா, எங்களுக்கும் மண்டலம் வைங்கண்ணா,” என்றான் ராமன்.

எழிலரசன் வேண்டாம் என்று தலையாட்டினான்.

“நாப்பத்தெட்டு வேணாம்னா இருவது நாளு. பக்கெட்டு மட்டும். அடி வேணாம். இப்பவே கையெழுத்து போட்டுடறோம்.”

“பக்கெட்டுலதான்டா அதுவும் ஆரம்பிச்சுது,” என்று அன்புவின் கதையைச் சொன்னான். “கையப் பிடிச்சிருந்தது நான்தான்.”

ராமன் தணிந்த குரலில் சொன்னான்: “அவரு முப்பது நாளு தாங்கினாரில்ல? நாங்க முழுசா தாங்குவோம்ணா. எங்கப்பாவுக்கு நிலமில்ல. பலராமன் சார் கேட்டா நான் யார் பேரைச் சொல்றது?”

“என் பேரைச் சொல்லு.”

“உங்க பக்கெட்ட நான் தூக்கலியேண்ணா.”

எழிலரசன் மறுத்தான். கையெழுத்துத் தாள் வெறுமையாகவே பிரின்சிபாலிடம் போயிற்று.

“உனக்கு நல்ல பேரு வேணும் மச்சான்,” என்றான் கன்னியப்பன். “அவனுங்களுக்கு வேலை வேணும். ரெண்டும் ஒண்ணா நடக்காது.”

அக்டோபர் முதல் தேதி அறைக்குப் பூட்டு விழுந்தது. மூன்றாம் நாள் காலை எழிலரசன் குளிக்கப் போனபோது குழாயடியில் பதினெட்டுப் பேரும் வரிசையில் நின்றார்கள். கன்னியப்பனின் பக்கெட் ராமன் கையில் இருந்தது. எழிலரசனின் பக்கெட்டையும் எவனோ நிரப்பிக் குளியலறை வாசலில் வைத்திருந்தான். யாரென்று அவன் கேட்டான், ஒருவரும் நிமிரவில்லை. அதைத் தொடாமல் வகுப்புக்குப் போனான். குன்றத்தூர்ப் பக்கம் அவன் போகவேயில்லை.

இழந்தவை இவை. மன்ற அறை ஒன்று. பெஞ்சு நான்கு, கேரம் பலகை ஒன்று. இவை ஸ்டோருக்குப் போயின. எழுதிய ஏடுகள் இருபத்தாறு. பழைய தாள்காரரிடம் போயின. மாணவன் ஒருவனின் படிப்பு, அவனது வலது காதின் கேட்கும் திறன். பலராமன் எழிலரசனுக்குத் தரவிருந்த அப்ரண்டிஸ் இடம். அவனுக்கும் கன்னியப்பனுக்கும் இடையே இருந்த பேச்சு. மாலை வகுப்புகள், வாரத்துக்கு மூன்று.