துணி கட்டாத நிரை

எனக்கு வாய் நீளம் என்று எங்கள் தேயிலைத் தோட்டத்து லயத்தில், ஒட்டிக் கட்டிய அந்த வரிசை வீடுகளில், யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். குழாயடியில் சண்டை என்றால் இந்த நாகலெட்சுமி அங்கே இருப்பாள். சபையில் ஜெபம் என்றாலும் அவள் குரல்தான் மேலே கேட்கும். ஏழு வருடத்துக்கு முன்னால் ஞானஸ்நானம் எடுத்தேன். "பேரையும் மாத்தல, கொணத்தையும் மாத்தல, அப்புறம் எதுக்குடி தண்ணியில முங்குன?" என்று சுவருக்கு அந்தப் பக்கத்துக் காம்பராவில் இருந்த வீரம்மா அக்கா கேலி செய்வார். இத்தனை வாய் இருந்தும் பேச வேண்டிய ஒரு பேச்சை நான் பேசவில்லை. அதனால் அந்த வீரம்மா அக்கா செத்துப்போனார்.

மார்ச் மாதத்தில் ஒரு சனிக்கிழமை, மாலை நாலு மணி. எட்டாம் நம்பர் மலையில் என் நிரையில், எனக்குப் பிரித்துவிட்ட செடி வரிசையில், பாதிக்கு மேல் கொழுந்து எடுத்து முடித்திருந்தேன். மிச்சம் எவ்வளவு என்று பார்க்க நிரையின் உச்சிக்கு ஏறி ஒரு தேயிலைச் செடியை விலக்கியபோது அடியில் குளவிக்கூடு தெரிந்தது. பெரிய கூடு. குளவிகள் அதன்மேல் சத்தமில்லாமல் ஊர்ந்துகொண்டிருந்தன.

குளவிக்கூட்டைக் கண்டால் தலைத்துணியில் ஒரு கீற்றைக் கிழித்து அந்தச் செடியில் கட்ட வேண்டும். துணி கட்டிய நிரையில் யாரும் கால் வைக்க மாட்டார்கள். முன்பு சிலர் செங்குத்தான நிரைக்குப் பயந்து பொய்யாகத் துணி கட்டியதால், வேலையை மேற்பார்க்கிற கண்டாக்கு ஐயா வந்து கூட்டைக் கண்ணால் பார்க்கும்வரை கட்டியவள் அங்கேயே நிற்க வேண்டும் என்று தோட்டத்தில் சட்டம் போட்டுவிட்டார்கள். அன்று கண்டாக்கு கீழே கொழுந்து நிறுக்கிற இடத்தில் இருந்தார். அவர் மலையேறி வர ஒரு மணி நேரமாவது ஆகும். ஐந்து மணிக்குச் சபையில் பெண்கள் உபவாச ஜெபம். நடத்துகிறவள் நான்.

நான் துணி கட்டவில்லை. "யாருக்கும் ஒன்னும் ஆகாமப் பாத்துக்கோங்கப்பா" என்று ஆண்டவரிடம் வேலையை ஒப்படைத்துவிட்டு இறங்கிவிட்டேன். ஞாயிற்றுக்கிழமை வேலை இல்லை, திங்கட்கிழமை சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்தேன். அன்று ஜெபத்தில், அயலானை நேசிப்பது பற்றி முக்கால் மணி நேரம் பேசினேன். படிப்பது தேவாரம், இடிப்பது சிவன் கோயில் என்பார்கள். எனக்குத் தேவாரம் தெரியாது, மற்றபடி அந்தப் பழமொழி எனக்காகவே சொன்னதுதான்.

திங்கட்கிழமை காலையில் பெரட்டுக்களத்தில் ஆளுக்கு ஆள் வேலை பிரித்துக் கொடுத்தார் சோலைமலை அண்ணன். அவர்தான் எங்கள் கங்காணி, வீரம்மா அக்காவின் புருஷன்.

"நாகு, நீ எட்டாம் நம்பர்ல விட்ட நிரையையே புடிச்சிரு" என்றார்.

அப்போது சொல்லியிருக்கலாம். சொன்னால், சனிக்கிழமையே பார்த்தாயா, ஏன் துணி கட்டவில்லை என்று நாற்பது பேர் முன்னால் கேட்பார்கள். சபைக்காரியின் லட்சணம் இதுதானா என்பார்கள். எனக்கு மானம் பெரிதாகப் போய்விட்டது.

"முழங்கால் வலிக்குதுண்ணே. மேட்டுல ஏற முடியாது. கீழ மாத்திக் குடுங்க."

"சரி, நீ கீழ போ." சுற்றிப் பார்த்தார். மேட்டு நிரையை வேறு யாருக்குக் கொடுத்தாலும் முணுமுணுப்பார்கள். "வீரம்மா, நீ அதப் புடி."

அக்கா மறுபேச்சில்லாமல் ஏறினார். கூடு மேலே இருக்கிறது, அவர் அங்கே போய்ச் சேர நேரமாகும், பத்து மணிக்குத் தேத்தண்ணி குடிக்க உட்காரும்போது காதோடு சொல்லிவிடலாம் என்று கணக்குப் போட்டேன். அக்கா வேகமான கை என்பதை மறந்துவிட்டேன். ஒன்பதரைக்கே அலறல் கேட்டது.

குளவிகள் ஐந்து பேரைக் கொட்டின. நாலு பேர் கத்திக்கொண்டு கீழே ஓடி வந்துவிட்டார்கள். அக்கா கால் தடுக்கி, தண்ணீர் வடிய வெட்டிய கானில் விழுந்து எழுந்திரிக்கவில்லை. புகை போட்டு, சாக்கைப் போர்த்திக்கொண்டு சோலைமலை அண்ணன்தான் உள்ளே போய்த் தூக்கி வந்தார். முகம் அடையாளமே தெரியவில்லை. கொழுந்து லொறியில் ஏற்றினோம். ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே மூச்சு நின்றுவிட்டது. என்மேல் ஒரு குளவிகூட உட்காரவில்லை.

அடுத்த ஞாயிறு சபையில் சாட்சி சொல்லும் நேரம். எங்கள் லியனார்ட் பாஸ்டர் என்னை எழுப்பினார்.

"கடைசி நேரத்துல ஆண்டவர் சிஸ்டரோட நிரைய மாத்திட்டாரு. வந்து சொல்லுங்க சிஸ்டர்."

நான் போனேன். மைக்கைப் பிடித்தேன். முழங்கால் வலியைக் கொடுத்து ஆண்டவர் என்னைத் தப்புவித்தார் என்று சொன்னேன். எல்லாரும் கை தட்டினார்கள். ஹட்டனில் நடக்கிற பெரிய கூட்டத்திலும் இதைச் சொல்ல வேண்டும் என்றார் பாஸ்டர். அந்த நிமிடத்தில் எனக்குச் சந்தோஷமாகக்கூட இருந்தது. என்னை நானே அருவருப்பது அதற்காகத்தான்.

சபையின் ஒலிபெருக்கி லயத்தைப் பார்த்துத்தான் கட்டியிருக்கிறது. நான் வீடு திரும்பும்போது சோலைமலை அண்ணன் தன் வாசற்படியில் உட்கார்ந்திருந்தார். அடக்கம் முடிந்ததிலிருந்து அப்படியேதான் இருந்தார். கொழும்புக் கடையில் வேலை செய்யும் மகள் பிரேமினி லீவு போட்டு வந்து சோற்றைப் பிசைந்து நீட்டினாலும் வாய் திறக்கமாட்டார். அழவும் இல்லை. "நாந்தானே அந்த நிரையக் குடுத்தேன்" என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்தார்.

என்னைக் கண்டதும் தலையைத் தூக்கினார்.

"ஒன் பேச்சு கேட்டுச்சு தங்கச்சி. நான் மாத்திக் குடுத்ததுல நீயாவது பொழச்சியே. நல்லாரு."

குத்தலாகச் சொல்லியிருந்தால் சண்டை பிடித்திருப்பேன். அவர் மனதாரச் சொன்னார்.

அதற்குப் பிறகு எனக்கு ஜெபம் வரவில்லை. முழங்காலில் நின்று, ஆண்டவரே என்று தொடங்கினால், அதற்கு மேல் ஒன்றும் வராது. புதன்கிழமை பாஸ்டரிடம் போய் நடந்ததை முழுக்கச் சொன்னேன். அவர் நெற்றியைத் தேய்த்துக்கொண்டார்.

"மனசு வருந்திட்டீங்க சிஸ்டர். ஆண்டவர் மன்னிச்சிட்டாரு. இனி தோண்டாதீங்க. சபைக்குத்தான் கெட்ட பேரு."

"ஆண்டவர் மன்னிச்சிருப்பாரு பாஸ்டர். சோலைமலை அண்ணன் இன்னும் சாப்பிடலயே."

பாஸ்டர் நல்ல மனிதர்தான். அவருக்கும் என்னைப் போல நாலு பேரைப் பற்றிய பயம்.

இயேசுவின் பின்னால் நடக்கிறேன் என்று ஏழு வருடமாகச் சொல்லி வந்திருக்கிறேன். இந்த வாரம் அவர் எங்கே நடந்து போயிருப்பார் என்று யோசித்தேன். பக்கத்து வாசலுக்குத்தான், வேறெங்கே. பத்து எட்டு வைக்கிற தூரம். அதைக் கடக்க எனக்கு இன்னொரு நாள் ஆனது.

வியாழக்கிழமை வேலை விட்டு வந்ததும், கூடையை இறக்கி வைத்துவிட்டு அவர் முன்னால் தரையில் உட்கார்ந்தேன். பிரேமினி கதவோரம் நின்றாள்.

"அண்ணே, அந்தக் கூட்ட நான் சனிக்கெழமயே பாத்தேன்."

அவருக்கு விளங்கவில்லை. மறுபடி சொன்னேன்.

"தொணி கட்டலயா?"

"கட்டலண்ணே. ஜெபத்துக்கு நேரமாயிருச்சுன்னு எறங்கிட்டேன்."

"முழங்கால் வலின்னியே?"

"வலிக்கலண்ணே. பொய் சொன்னேன். நீங்க கொல்லல. நாந்தான்."

அடிப்பார் என்று நினைத்தேன். அடிக்கவில்லை. என் முழங்காலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"மேல ஏறுறப்ப அவ எங்கிட்டச் சொல்லிட்டுப் போனா. நாகுக்குக் கால் வலியாம், சாயந்தரம் எண்ணெ காச்சித் தேச்சி விடணும்னு."

மன்னித்துவிடுங்கள் என்று கேட்கத்தான் போயிருந்தேன். அதைக் கேட்க வாய் வரவில்லை.

"இத ஒங்க மைக்குல சொல்லு" என்றார் கடைசியில். "நாந்தான் கொன்னேன்னு லயமே என்னப் பாக்குது. நீ பொழச்ச கதைய ஊரே கேட்டுச்சில்ல. இதையும் கேக்கட்டும்."

ஞாயிற்றுக்கிழமை, பாஸ்டர் கூப்பிடாமலே எழுந்து போனேன். என் முகத்தைப் பார்த்ததும் அவர் கை மைக்கின் சுவிட்சுக்குப் போனது. என்ன நினைத்தாரோ, கையை எடுத்துக்கொண்டார். போன வாரம் சொன்னது பொய்ச் சாட்சி என்று ஆரம்பித்து, சனிக்கிழமை நாலு மணியிலிருந்து எல்லாவற்றையும் சொன்னேன். நடுவிலேயே பாதிப் பேர் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வெளியே போனார்கள். முடித்தபோது ஒருவரும் ஆமென் சொல்லவில்லை.

அன்று மத்தியானம் பிரேமினி என் வாசலுக்கு வந்தாள். உள்ளே வரவில்லை.

"அப்பா அழுதாரு. அம்மா போனதுலருந்து இன்னைக்குத்தான் அழுதாரு. அழுது முடிச்சிட்டு, சோறு போடச் சொன்னாரு."

ஸ்தோத்திரம் என்று வாய்க்குள் சொன்னேன்.

"இனிமே எங்க வாசப்பக்கம் வராதீங்க. அப்பா மொகத்துல முழிக்காதீங்க."

பேசத் தொடங்கிய வயதிலிருந்து என்னை அத்தை என்று கூப்பிட்ட பிள்ளை. இன்று முறை எதுவும் வைக்கவில்லை.

"சரிம்மா" என்றேன்.

அவள் போன பிறகு கதவைச் சாத்திவிட்டுத் தரையில் உட்கார்ந்தேன். லயத்துச் சுவர் மெல்லியது. அந்தப் பக்கம் பிரேமினி தட்டில் சோறு வைக்கிறதும், அவர் பிசைந்து சாப்பிடுகிறதும், நடுவில் விம்முகிறதும் கேட்டன. ஆண்டவரே, இது போதும் என்று சொன்னேன். போதவில்லை. எனக்கு வீரம்மா அக்கா வேண்டும்.