ஒன்றைத் தாண்டிய சுழற்சி

அந்த ஆய்வுக்கூடத்தில் அவளை எல்லோரும் 'நாத்தனார்' என்றுதான் கூப்பிடுவார்கள். எதிர் மேசையில் உட்கார்ந்திருப்பவள் அவளுடைய அண்ணி என்பதால் வந்த பெயர். இருவருக்கும் ஒரே வேலை. செத்துப்போன ஒரு நட்சத்திரம் விட்டுப்போன கருந்துளை எவ்வளவு வேகமாகச் சுழல்கிறது என்று கண்டுபிடிக்க வேண்டும். சுழலவே இல்லையென்றால் பூஜ்யம், உச்ச வேகம் என்றால் ஒன்று. அதற்கு மேல் இயற்கை அனுமதிக்காது.

கருந்துளையைச் சுற்றிக் கொதிக்கும் வாயுத் தட்டின் வெப்பத்தை வைத்து நாத்தனார் கணக்குப் போட்டாள். அதே தட்டில் உள்ள இரும்பின் எக்ஸ்ரே ஒளி எவ்வளவு இழுபட்டு வருகிறது என்பதை வைத்து அண்ணி போட்டாள். இரண்டு விடையும் ஒத்துப்போனால்தான் நாத்தனாரின் ஆய்வேட்டில் கையெழுத்து என்று பேராசிரியர் கறாராகச் சொல்லிவிட்டார். ஆறு வருஷமாக மாணவியாகவே காலம் தள்ளுகிறவளுக்கு அந்தக் கையெழுத்துதான் உயிர்.

ஆசைப்பட்ட விடைக்காக யாரும் கணக்கை வளைத்துவிடக் கூடாதல்லவா? அதனால் கம்ப்யூட்டரே ஆளுக்கொரு ரகசிய எண்ணை விடையோடு கூட்டி, உண்மையை மறைத்து வைத்திருந்தது. ஒரே வீட்டில் சேர்ந்து சாப்பிட்டும் மூன்று மாதமாக இருவரும் அதைப் பற்றி மூச்சுவிடவில்லை. நடுவில் மாட்டிக்கொண்ட அண்ணன்காரன், பாவம், மழை வருமா வராதா என்றே பேசிக்கொண்டிருந்தான்.

திங்கட்கிழமை காலை, பேராசிரியர் முன்னிலையில் மறைப்பை நீக்கினார்கள். முதலில் நாத்தனார். திரையில் 0.96. ரகசிய எண் 0.18. அவசரமாகக் கணக்கைத் தட்டினாள். 1.14 என்று வந்தது.

பேராசிரியர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"இயற்கையையே மிஞ்சிட்டியேம்மா."

ஆறு வருஷ உழைப்பும் வீண் என்றே நாத்தனார் நினைத்துவிட்டாள். அண்ணிக்கு மனசு கேட்கவில்லை.

"என்னோடதைத் திறக்கறேன். அதைப் பாத்தா எங்க தப்புன்னு தெரியும்."

"வேண்டாம் அண்ணி. அதைப் பாத்துட்டு நான் எதைத் திருத்தினாலும் காப்பியடிச்ச மாதிரிதான் ஆகும்."

சொல்லிவிட்டுக் கணக்கை முதல் வரியிலிருந்து பார்த்தாள். அரை மணி நேரம் கழித்துத் தலையில் அடித்துக்கொண்டாள். கம்ப்யூட்டர் ஏற்கெனவே கூட்டியிருந்த ரகசிய எண்ணைக் கழிப்பதற்குப் பதிலாக, பயத்தில் இன்னொரு தடவை கூட்டியிருக்கிறாள். கழித்தாள். 0.78.

"இதுக்கு மேல ஒரு புள்ளிகூட மாத்தக் கூடாது," என்றார் பேராசிரியர்.

"மாத்த மாட்டேன் சார்."

அண்ணி தன்னுடையதைத் திறந்தாள். 0.79.

பேராசிரியர் பேனாவைத் தேடினார். அண்ணி அவளை இறுக்கிக் கட்டிக்கொண்டாள். நாத்தனாருக்குச் சந்தோஷத்தில் கண் நிறைந்துவிட்டது. கையோடு அண்ணனுக்குப் போன் போட்டாள்.

"அண்ணா, எனக்கும் அண்ணிக்கும் ஒத்துப்போச்சு."

"எதுக்கும் இன்னொரு தடவை சரிபாத்துட்டுச் சொல்லுங்க," என்றான் அவன்.