கை காட்ட ஒரு ஆம்பளை

கரையான்சாவடி ஸ்டாப்பிங்கில் பொம்பளைகள் மட்டும் நின்றால் காலை வேளை, பெண்களுக்கு டிக்கெட் இல்லாத பிங்க் பஸ் நிற்காது. காசு இல்லாமல் ஏறுகிற கூட்டத்துக்கு எதற்கு பிரேக் மிதிக்கணும் என்று அந்த டிரைவருக்கு ஒரு நினைப்பு. ஆம்பளை ஒருத்தன் ரோட்டில் இறங்கிக் கை காட்டினால் நிற்பான். இதைக் கண்டுபிடித்தது பொன்னியம்மாதான். அதே பஸ்ஸில் வேலைக்குப் போகிற ஜம்புலிங்கத்திடம், "நைனா, நீ முன்னாடி நில்லு, நாங்க உன் பின்னாலயே ஏறிக்கிறோம்" என்று கேட்டதும் அவள்தான்.

அதன்பிறகு, அவர்கள் வேலை பார்க்கிற ஆவடிப் பக்கத்து பாக்கிங் கம்பெனியில் கேட் சாத்துவதற்குள் எல்லோரும் உள்ளே போனார்கள். பஸ்ஸுக்குள் ஜம்புலிங்கத்தின் கை சும்மா இருக்காது. எல்லோருக்கும் தெரியும், யாரும் வாய் திறக்கவில்லை. பையைக் குறுக்கே வைத்தார்கள், தள்ளி நின்றார்கள், அவ்வளவுதான்.

புதிதாகச் சேர்ந்த ஜுலைகா தள்ளி நிற்கவில்லை. திரும்பி அவன் கன்னத்தில் ஒன்று வைத்தாள்.

மறுநாள் ஜம்புலிங்கம் தன் மச்சான் பைக்கின் பின்னால் உட்கார்ந்து போனான். போகிற போக்கில், "கையக் காட்டுங்க, நிக்கும்" என்று சிரித்தான். காட்டினார்கள். பஸ் நிற்காமல் போனது. அடுத்த வண்டி பிடித்துப் போய்ச் சேர்ந்தபோது கேட் சாத்தியிருந்தது. கம்பிக்கு அந்தப் பக்கம் நின்று சூப்பர்வைசர் சொன்னான்: "பொன்னியம்மா, ஏற்கெனவே ஒரு தபா சொல்லிட்டேன். இன்னொரு வாட்டி லேட்டுன்னா ஊட்லயே இருந்துக்கோ. உன் வயசுக்கு எவன் வேலை குடுக்கறான்னு பாக்கறேன்."

திரும்பி வரும்போது, கூட வேலை பார்க்கிற பூங்காவனம் ஜுலைகாவைப் பிடித்துக்கொண்டாள். "ஏண்டி, நாங்கள்லாம் இன்னா மரக்கட்டையா? எங்களுக்கு மட்டும் ஒடம்பு கூசலயா?"

"கூசுச்சுன்னா அன்னிக்கே ஒண்ணு வுட்டிருக்க வேண்டியதுதானே, அக்கா."

பொன்னியம்மாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. யார் மேல் என்றுதான் தெரியவில்லை.

சாயங்காலம் டீக்கடையில் போய் ஜம்புலிங்கத்தின் முன்னால் நின்றாள்.

"அந்தப் பொண்ணு வந்து மன்னிப்பு கேக்கட்டும்" என்றான்.

"சின்னப் பொண்ணுப்பா. அவளுக்குப் பதிலா நான் கேக்கறேன்."

"நீ கேட்டு இன்னா புண்ணியம், ஆயா?"

கடையில் இருந்தவர்கள் சிரித்தார்கள்.

"கேட்டுட்டேன். நாளைக்கு வந்து நில்லு" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டாள்.

வந்து நின்றான். கை காட்டினான். பஸ் நின்றது. பொன்னியம்மா ஜுலைகாவை டிரைவர் பக்கமாகத் தள்ளிவிட்டு, மற்ற பெண்களுக்கும் அவனுக்கும் நடுவில் தான் நின்றுகொண்டாள். பேரன் எடுத்தவளிடம் இவனுக்கு என்ன வேலை என்று நினைத்தாள். கூட்டம் நெருக்கியதும் அந்த நினைப்பு போய்விட்டது. முதுகிலிருந்து கை கீழே இறங்கியது. சாப்பாட்டுப் பையை இறுக்கிப் பிடித்தாள். கத்தத்தான் வாய் வந்தது, மூடிக்கொண்டாள். இவனைக் கூப்பிட்டதும் தான், கெஞ்சியதும் தான். இப்போது எந்த வாயால் கத்துவது?

ஜுலைகா திரும்பிப் பார்த்தாள். பொன்னியம்மாவின் முகத்தைப் பார்த்ததும் அவளுக்கு விளங்கிவிட்டது.

"அக்கா, அவன் இன்னா பண்றான்?"

"ஒண்ணுமில்ல. நீ அங்கயே நில்லு."

ஜுலைகா நிற்கவில்லை. கூட்டத்தை இடித்துக்கொண்டு வந்தாள்.

"வராதடி" என்றாள் பொன்னியம்மா. "நாளைக்கு பஸ் நிக்காதுடி."